ஸ்டாஃப், இண்டிபெண்டன்ட், பப்ளிக்: அமெரிக்காவில் வீட்டுக் காப்பீட்டு அட்ஜஸ்டர் ஆக எந்த வழியில் நுழைவது?

வடக்கு டெக்சாஸில் ஆலங்கட்டி மழைக்காலம் தொடங்கும் மார்ச் மாதம் வந்துவிட்டால், வீட்டுச் சேதத்தை அளந்து காப்பீட்டுத் தொகையை மதிப்பிடும் அட்ஜஸ்டர் வேலையைப் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. டாலஸ், ஹூஸ்டன் புறநகர்களில் வாழும் தமிழர்களிடமிருந்து எனக்கு வருபவை பெரும்பாலும் இரண்டு வகையினரின் கேள்விகள். ஒருவர், கணினித் துறையில் வேலை போய், கிரீன் கார்டு கையில் இருப்பதால் வேறு தொழிலுக்கு மாறலாமா என்று யோசிப்பவர். மற்றவர், தமிழ்நாட்டில் சிவில் எஞ்சினியரிங் படித்து, எச்-1பி பணியாளரின் துணைவருக்கான எச்-4 விசாவில் வந்து, பல ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு வேலை அனுமதி பெற்றிருப்பவர். இருவருக்கும் உரிமம் பெறுவது எளிது என்று தெரிந்திருக்கிறது. உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வாசலில் நிற்பது என்பதில்தான் தடுமாற்றம்.

வழிகள் மூன்று. காப்பீட்டு நிறுவனத்தின் நேரடி ஊழியராகச் சேர்ந்தால் ஸ்டாஃப் அட்ஜஸ்டர். பல நிறுவனங்களுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சியின் பட்டியலில் பெயர் கொடுத்து, கிளெய்ம் (இழப்பீட்டுக் கோரிக்கை) ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கினால் இண்டிபெண்டன்ட் அட்ஜஸ்டர். வீட்டு உரிமையாளர் தம் தரப்பில் வாதாட அமர்த்திக்கொள்பவர் பப்ளிக் அட்ஜஸ்டர். இந்தியாவில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற சர்வேயர் வந்து இழப்பை மதிப்பிடுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, இங்கே நிறுவனத்தின் சம்பளக்காரரே கூரையில் ஏறி அளந்து, எவ்வளவு தருவது என்றும் முடிவு செய்வது விந்தையாகத் தோன்றலாம். அமெரிக்காவில் அது இயல்பான நடைமுறை.

## எதை வைத்து ஒப்பிடுவது?

எல்லோரும் முதலில் கேட்பது வருமானம். ஆனால் புதியவர் முதலில் கேட்க வேண்டியது, கற்றுக்கொள்ளும் காலத்தின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதுதான். இந்தத் தொழிலில் முதல் ஆண்டு முழுக்கவே தவறு செய்து திருந்தும் ஆண்டு. அந்தத் தவறுகளுக்கான விலையை முதலாளி தருகிறாரா, நீங்களே தருகிறீர்களா என்பதைப் பொறுத்து மற்றவை எல்லாம் மாறிவிடும்.

அடுத்து, உங்கள் எஸ்டிமேட்டை, அதாவது பழுதுபார்க்கும் செலவுக் கணக்கை, யார் திருத்துகிறார்கள் என்பது. மூன்றாவதாக, வருமானத்தின் அளவையும் அது வரும் ஒழுங்கையும் தனித்தனியே பார்க்க வேண்டும். ஆண்டுக்கு 80,000 டாலர் மாதாமாதம் வருவதும், மூன்று மாதத்தில் வந்து ஒன்பது மாதம் வராமல் இருப்பதும் ஒன்றல்ல. நான்காவது, விசாவும் வரியும். ஐந்தாவது, உடலும் குடும்பமும்: ஏணியேறி நடக்க முடியுமா, வீட்டைவிட்டு எத்தனை வாரம் வெளியே இருக்க முடியும் என்பவை.

விசாவை முதலிலேயே முடித்துவிடலாம். எச்-1பி விசாவில் இருப்பவர், மனுச் செய்த நிறுவனத்தைத் தவிர வேறிடத்தில் உழைத்துச் சம்பாதிக்க முடியாது; வார இறுதியில் மட்டும் இண்டிபெண்டன்டாகப் போகிறேன் என்பதற்கும் இடமில்லை. எச்-4 விசாவில் 2015 விதியின்படி வேலை அனுமதி அட்டை பெற்றவருக்கு அந்தத் தடை இல்லை. அவர் சம்பளத்துக்கும் போகலாம், சுயதொழிலும் செய்யலாம். ஆனால் அட்டையைப் புதுப்பிப்பது தாமதமானால் வேலை நின்றுபோகும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

## உரிமம்: சின்ன வாசல்

டெக்சாஸில் ஸ்டாஃப் அட்ஜஸ்டருக்கும் இண்டிபெண்டன்டுக்கும் உரிமம் தேவை. மாநிலக் காப்பீட்டுத் துறை அங்கீகரித்த 40 மணி நேரப் பாடத்தை முடித்து, அதிலேயே அடங்கிய தேர்வில் தேறினால், அரசின் தனித் தேர்வை எழுத வேண்டியதில்லை. கைரேகை கொடுத்து, 50 டாலர் கட்டணம் செலுத்தி விண்ணப்பிக்கலாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை 24 மணி நேரத் தொடர்கல்வியுடன் புதுப்பிக்க வேண்டும். ஃபுளோரிடாவில் 6-20 என்ற எண்ணால் அழைக்கப்படும் உரிமத்துக்கும் இதே போன்ற பாடவழி உண்டு. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் மற்றப் பல மாநிலங்கள் தேர்வில்லாமல் உரிமம் தருகின்றன. கலிஃபோர்னியாவும் நியூயார்க்கும் அப்படித் தருவதில்லை. இல்லினாய், ஓஹையோ போன்ற மாநிலங்கள் இண்டிபெண்டன்டுகளுக்கு உரிமமே வழங்குவதில்லை என்பதால், அங்கு வசிப்பவர்கள் டெக்சாஸையோ ஃபுளோரிடாவையோ தங்கள் 'தாய் மாநிலமாக' அறிவித்து உரிமம் பெறுகிறார்கள்.

இவ்வளவு எளிதாகக் கிடைப்பதே ஆபத்து. பாடம் பாலிசியின் சொற்களைக் கற்றுத் தருகிறது. கூரையைப் பார்க்கக் கற்றுத் தருவதில்லை. கூரையின் ஒவ்வொரு சரிவிலும் பத்தடிக்குப் பத்தடி சதுரம் போட்டு, சாக்பீஸால் வட்டமிட்டு ஆலங்கட்டி அடியை எண்ணும்போது, அது அடியா, வெயிலில் எழுந்த கொப்புளமா, யாரோ வேண்டுமென்றே சுத்தியலால் தட்டியதா என்று பிரித்தறிய வேண்டும். அதன்பின் எக்ஸாக்டிமேட் மென்பொருளில் வீட்டை வரைந்து, ஒவ்வொரு வேலையையும் தனி வரியாக எழுத வேண்டும். சமையலறைக் குழாய் கசிந்து சுவரின் அடிப்பகுதி ஊறியிருந்தால், ஜிப்சம் பலகையை இரண்டடி உயரத்துக்கு வெட்டி எடுப்பது, உள்ளிருக்கும் இன்சுலேஷன், அடிப்பட்டையைக் கழற்றி மாட்டுவது, பூச்சு, பெயின்ட் என்று வரிகள் நீளும். பெயின்ட் ஒரு சுவருக்கா, அறை முழுவதற்குமா என்பதில் மட்டுமே அரை மணி நேர வாக்குவாதம் நடக்கும்.

கணக்கை உரிமையாளருக்கு விளக்குவது இன்னொரு திறன். வீடு 4,00,000 டாலருக்குக் காப்பீடு செய்யப்பட்டு, காற்றுக்கும் ஆலங்கட்டிக்கும் டிடக்டபிள் 2 விழுக்காடு என்றால், உரிமையாளர் ஏற்க வேண்டியது 8,000 டாலர். புதுக் கூரைக்கு 22,000 டாலர் ஆகும். பழைய கூரை தன் ஆயுளில் பாதியைக் கடந்துவிட்டதால் தேய்மானம் 11,000 என்று வைத்துக்கொள்வோம். தேய்மானமும் டிடக்டபிளும் போக முதல் காசோலை வெறும் 3,000 டாலர். வேலை முடிந்த ரசீதைக் காட்டிய பிறகே, பிடித்துவைத்த தேய்மானத் தொகையான 11,000 வரும். இடிந்துபோய் நிற்கும் ஒருவரிடம், 22,000 டாலர் சேதத்துக்கு 3,000 டாலர் காசோலையை நீட்டி, இது ஏமாற்று அல்ல என்று புரியவைக்கத் தெரிந்தவரே அட்ஜஸ்டர். கூரை ஒப்பந்தக்காரர் டிடக்டபிளைத் தாமே தள்ளுபடி செய்வதாகச் சொல்லியிருந்தால், 2019 செப்டம்பர் முதல் டெக்சாஸில் அது சட்டவிரோதம் என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

## ஸ்டாஃப் அட்ஜஸ்டர்

கற்றல் செலவு என்ற அளவுகோலில் இதற்கு நிகரான வழி இல்லை. நிறுவனம் சம்பளம் கொடுத்தே பயிற்சி தருகிறது. உரிமப் பாடத்துக்கும் பெரும்பாலும் அதுவே பணம் கட்டுகிறது. டிராவலர்ஸ் நிறுவனம் கனெக்டிகட் மாநிலத்தின் விண்ட்சர் நகரில், பயிற்சிக் கூடத்துக்குள்ளேயே முழு வீட்டைக் கட்டி வைத்துப் பயிற்றுவிக்கிறது. எல்லா நிறுவனங்களும் அந்த அளவுக்குப் போவதில்லை என்றாலும், மூத்தவர் ஒருவரோடு சில வாரங்கள் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வாய்ப்பு எங்கும் இருக்கும். உங்கள் எஸ்டிமேட்டை மேலதிகாரி படித்து, விட்டுப்போன வரியைச் சுட்டுவார். மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பு, நிறுவன வண்டி அல்லது மைலுக்கு இவ்வளவு என்ற படி ஆகியவையும் உண்டு. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023 மே மாதக் கணக்கில், எல்லா வகைக் காப்பீட்டு அட்ஜஸ்டர்களையும் சேர்த்து இடைநிலை ஆண்டு ஊதியம் சுமார் 75,000 டாலர். புதியவர் அதற்குக் கீழேதான் தொடங்குவார்.

மறைசெலவுகளும் உண்டு. முதலாவது, கிளெய்ம் எண்ணிக்கை. புயல் இல்லாத மாதத்திலும் கோப்புகள் குவியும். காலக்கெடு சட்டத்தால் கட்டப்பட்டது. டெக்சாஸில் கிளெய்ம் அறிவிப்பு வந்த 15 நாளுக்குள் நிறுவனம் அது கிடைத்ததாகப் பதில் சொல்லி விசாரணையைத் தொடங்க வேண்டும். கேட்ட ஆவணங்கள் எல்லாம் வந்த பிறகு 15 வேலைநாளுக்குள் ஏற்பையோ மறுப்பையோ தெரிவிக்க வேண்டும். இந்தக் கெடுக்களின் பாரம் கடைசியில் அட்ஜஸ்டரின் தலையில்தான் இறங்குகிறது. இரண்டாவது, பணியின் குறுகல். நிறுவனங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவதைக் குறைத்து, உரிமையாளர் அனுப்பும் படங்கள், வான்வழிப் படங்களிலிருந்து எடுத்த கூரை அளவுகள், ட்ரோன் ஆகியவற்றை வைத்து மேசையிலிருந்தே முடிக்கப் பார்க்கின்றன. மேசை வேலையில் இரண்டாண்டு இருந்தவருக்குப் பாலிசி அத்துப்படியாக இருக்கும், ஏணி பழகியிருக்காது. இத்தொழிலில் மொத்த வேலைவாய்ப்பு வரும் ஆண்டுகளில் குறையும் என்று அதே புள்ளிவிவரத் துறை கணித்திருப்பதற்கும் இந்தத் தானியக்கம் ஒரு காரணம்.

மூன்றாவது மனம் சார்ந்தது. எவ்வளவு தொகை வரை நீங்களே ஒப்புக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு இருக்கும். தரலாம் என்று நீங்கள் நினைப்பதை மேலே இருப்பவர் மறுத்தால், அந்த மறுப்பை உரிமையாளரிடம் கொண்டுபோய்ச் சொல்பவரும் நீங்களே. இது சிலருக்கு ஒத்துவராது.

## இண்டிபெண்டன்ட் அட்ஜஸ்டர்

தொழிலின் கவர்ச்சிக் கதைகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. புயல் கரை கடந்ததும் ஏஜென்சியிலிருந்து அழைப்பு வரும். வண்டியில் ஏணியை ஏற்றிக்கொண்டு போய், இரண்டு மூன்று மாதம் உழைத்து ஓராண்டுச் சம்பளத்தோடு திரும்பலாம். கதை பொய் அல்ல. 2022 செப்டம்பரில் இயன் சூறாவளி ஃபுளோரிடாவைத் தாக்கியபோதும், 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் டெக்சாஸ் முழுவதும் வீட்டுக் குழாய்கள் வெடித்தபோதும் அப்படிச் சம்பாதித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே நூற்றுக்கணக்கான வீடுகளைப் பார்த்தவர்கள்.

கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் காரணம் தெளிவாகும். ஒவ்வொரு ஏஜென்சிக்கும் கட்டண அட்டவணை உண்டு. கிளெய்மின் மொத்தத் தொகை எந்தப் படிநிலையில் வருகிறதோ அதற்கேற்ற கட்டணம், அதில் அட்ஜஸ்டருக்கு 60 முதல் 70 விழுக்காடு வரை என்பது பரவலான வழக்கம். ஒரு கோப்புக்கு உங்கள் பங்கு 325 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பழகியவர் நாளொன்றுக்கு நான்கு கோப்புகளை முடித்தால் 1,300 டாலர். புதியவர் பகலில் மூன்று கூரை ஏறி, இரவு ஹோட்டல் அறையில் ஒரு வீட்டை வரைந்து முடிப்பதற்குள் நள்ளிரவு ஆகிவிடும். அனுப்பிய கோப்பும் திருத்தக் குறிப்புடன் மறுநாள் திரும்பி வரும். திருத்தத்துக்குத் தனிக் கூலி இல்லை. ஒப்பந்தக்காரர் கூடுதல் சேதத்தைக் காட்டி மறுபார்வை கேட்டால், அதற்கும் பல இடங்களில் எதுவும் கிடைக்காது. பின்தங்கியவரின் கையிலிருக்கும் கோப்புகள் வேறொருவருக்குப் போய்விடும். அடுத்த புயலுக்கு அழைப்பும் வராமல் போகலாம்.

செலவுப் பட்டியல் இதற்கு மேல். வண்டி, எரிபொருள், ஹோட்டல், மடித்து ஏற்றக்கூடிய நல்ல ஏணி, சரிவில் வழுக்காத காலணி, ஈரமானி, சரிவுமானி, மடிக்கணினி, எக்ஸாக்டிமேட்டின் மாதச் சந்தா, ஆறேழு மாநில உரிமங்களுக்கான கட்டணம் எல்லாம் உங்கள் பையிலிருந்துதான் போக வேண்டும். சம்பளக்காரராக இல்லாமல் 1099 படிவத்தில் கூலி வாங்கினால், வருமான வரிக்கு மேல் 15.3 விழுக்காடு சுயதொழில் வரி உண்டு. மருத்துவக் காப்பீடும் உங்கள் பொறுப்பு. வேலையை முடித்த பிறகு பணம் கைக்கு வர வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஆகும். கடன் அட்டையில் ஹோட்டலுக்குக் கட்டிக்கொண்டே கூலிக்குக் காத்திருக்கும் அந்த இடைவெளியில்தான் பல புதியவர்கள் ஊர் திரும்பிவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. எல்லாப் பேரிடரும் எல்லா அட்ஜஸ்டருக்கும் வேலை தருவதில்லை. 2017 ஆகஸ்டில் ஹூஸ்டனை முடக்கிய ஹார்வி சூறாவளியின் சேதத்தில் பெரும்பங்கு வெள்ளத்தால் ஆனது. வழக்கமான வீட்டுப் பாலிசி வெள்ளத்தை ஏற்பதில்லை. வெள்ளக் காப்பீடு பெரும்பாலும் 1968-இல் தொடங்கப்பட்ட கூட்டரசுத் திட்டத்தின் கீழ் வருவது; அந்தக் கிளெய்ம்களைப் பார்க்கத் தனி அங்கீகாரம் வேண்டும், அதற்கு நான்காண்டு முழுநேர அனுபவம் கேட்கிறார்கள். ஆகவே பெரிய வெள்ளத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு உரிமம் எடுக்க ஓடுவதில் பயனில்லை.

புயலைத் துரத்தாமல், உள்ளூரிலேயே தினமும் வரும் தீ, குழாய்க் கசிவு, மரம் விழுதல் போன்ற கிளெய்ம்களை எடுப்பது இதன் அமைதியான கிளை. கூலி குறைவு, எண்ணிக்கையும் குறைவு. ஆனால் இரவு வீட்டுக்கு வரலாம், ஒரு கோப்பை நிதானமாக எழுதிப் பழகலாம். இண்டிபெண்டன்டாகத்தான் தொடங்குவேன் என்று உறுதியாக இருப்பவருக்கு நான் சொல்வது இந்தக் கிளையைத்தான்.

## பப்ளிக் அட்ஜஸ்டர்

இது தனி உரிமம். டெக்சாஸில் கட்டணம் கிளெய்ம் தொகையில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ஃபுளோரிடாவில் பொதுவாக 20 விழுக்காடு உச்சம். ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்த பேரிடர் என்றால் முதலாண்டில் 10. ஃபுளோரிடா 50,000 டாலர் பிணைப் பத்திரமும், முன்னதாக ஆறு மாதப் பயிலுநர் காலமும் கேட்கிறது. கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனம் தனியாகத் தராது. 60,000 டாலருக்கு முடிந்த கிளெய்மில் 6,000 டாலர் உரிமையாளரின் பங்கிலிருந்தே உங்களுக்கு வரும். அந்த 6,000-த்துக்கு மேல் நீங்கள் கூட்டித் தந்தீர்கள் என்பதை அவர் நம்ப வேண்டும்.

கிளெய்ம் தீர்ந்தால்தான் வருமானம் என்பதால் முதல் காசைப் பார்க்க மாதங்கள் ஆகலாம். இங்கே பயிற்றுவிப்பவர் எதிர்த்தரப்பில் இருக்கிறார்: உங்கள் எஸ்டிமேட்டின் ஓட்டையை நிறுவனத்தின் அட்ஜஸ்டர் கண்டுபிடிக்கும்போது நஷ்டப்படுபவர் உங்களை நம்பிய வீட்டுக்காரர். பாலிசியின் விலக்குகளை நிறுவனம் எப்படிப் படிக்கும் என்பது உள்ளிருந்து பார்த்தவருக்கே பிடிபடும். இதை முதல் வேலையாகத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கவில்லை; ஐந்தாறு ஆண்டு நிறுவனத் தரப்பில் இருந்தவருக்கு இது மிகச் சிறந்த இரண்டாவது வேலை. ஒருமுறை இந்தப் பக்கம் வந்துவிட்டால் நிறுவனங்கள் திரும்பச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

| அளவுகோல் | ஸ்டாஃப் | இண்டிபெண்டன்ட் | பப்ளிக் |
|---|---|---|---|
| கற்கும் காலச் செலவு | நிறுவனத்துடையது | உங்களுடையது | உங்களுடையதும் உங்களை அமர்த்தியவருடையதும் |
| எஸ்டிமேட்டைத் திருத்துபவர் | மேலதிகாரி | ஏஜென்சியின் சரிபார்ப்பாளர், கூலியின்றி | எதிர்த்தரப்பு |
| வருமானம் | மாதச் சம்பளம் | கோப்புக்கு இவ்வளவு; புயலைப் பொறுத்தது | தீர்ந்த தொகையில் விழுக்காடு |
| எச்-4 வேலை அனுமதி | போதும் | போதும் | போதும் |
| கையில் இருக்க வேண்டிய சேமிப்பு | மிகக் குறைவு | ஆறு மாதமாவது | ஓராண்டு |
| ஊர்விட்டு ஊர் | சில வாரங்கள் | மாதக்கணக்கில் | பெரும்பாலும் இல்லை |

## காசு கொடுத்துப் படிக்கும் பயிற்சிகள்

உரிமப் பாடத்தைத் தவிர, மூன்று நாள் கூரைப் பயிற்சி, ஒரு வார எக்ஸாக்டிமேட் வகுப்பு, வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் 'முழுத் தொகுப்பு' என்று சந்தையில் பல இருக்கின்றன. ஸ்டாஃப் வேலைக்குப் போகிறவர் இவற்றில் எதற்கும் பணம் கட்ட வேண்டியதில்லை. இண்டிபெண்டன்டாகப் போகிறவர் எக்ஸாக்டிமேட் வகுப்புக்குக் கட்டலாம். அந்த மென்பொருளின் நிறுவனமே நடத்தும் சான்றிதழ்த் தேர்வின் முதல் நிலையைத் தேறிவிட்டால் ஏஜென்சிகள் பெயரைக் கொஞ்சமாவது கவனிக்கும். டெக்சாஸின் பழைய பொறியியல் நிறுவனமான ஹாக் நடத்தும் கூரை ஆய்வுச் சான்றிதழ் மதிப்புள்ளது, ஆனால் அனுபவம் வந்த பிறகு படித்தால்தான் ஒட்டும். வேலைக்கு உத்தரவாதம் தரும் தொகுப்புகளைத் தள்ளிவிடுங்கள். வேலையைத் தருவது புயல், அதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது. வகுப்புக்குச் செலவிடுவதற்கு முன், உங்கள் வீட்டையே அளந்து, அறை அறையாக வரைந்து, ஒரு சுவர் ஊறியதாக வைத்துக்கொண்டு என்னென்ன வரிகள் வரும் என்று தாளில் எழுதிப் பாருங்கள். அந்த வேலை சலிப்பாக இருந்தால், இந்தத் தொழிலும் சலிப்பாகவே இருக்கும்.

## யாருக்கு எது?

சிவில் எஞ்சினியரிங் படித்த எச்-4 வாசகர் ஸ்டாஃப் வேலைக்கே விண்ணப்பிக்க வேண்டும். கட்டுமானம் தெரிந்தவர் என்பது விண்ணப்பத்தில் நன்றாக நிற்கும். இடைவெளி ஆண்டுகளைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் விசாவைச் சொல்லிவிடலாம். வீடு பார்க்கும் களப்பணி கேளுங்கள். மேசைப் பணி மட்டுமே கிடைத்தால் அதையும் ஏற்று, ஓராண்டு கழித்துக் களத்துக்கு மாற்றம் கேளுங்கள்.

கணினித் துறையிலிருந்து வருபவருக்கு விடை அவரது வங்கிக் கணக்கில் இருக்கிறது. வேலைநீக்கத் தொகை ஓராண்டைத் தாங்கும், துணைவரின் வேலை வழியாக மருத்துவக் காப்பீடு இருக்கிறது, பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்றால் உள்ளூர் தினசரிக் கிளெய்ம்களோடு இண்டிபெண்டன்டாகத் தொடங்கலாம். வீட்டுக் கடன் தவணை அடுத்த மாதமே நெருக்குகிறது என்றால், சம்பளம் பாதியாகத் தோன்றினாலும் ஸ்டாஃப் வேலைதான். உயரம் என்றால் தலை சுற்றுகிறவரும், முழங்கால் ஒத்துழைக்காதவரும் மேசைப் பணியைக் குறைவாக எண்ண வேண்டாம். ஏணியேறிப் படமெடுத்துத் தரவென்றே தனி ஆட்கள் இப்போது இருக்கிறார்கள்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. வடக்கு டெக்சாஸ் ஆலங்கட்டி மார்ச்சிலிருந்து ஜூன் வரை. புயல் வந்த பிறகு பட்டியலில் சேர்பவர், அனுபவசாலிகள் எல்லாம் போய்விட்ட பின்னரே கூப்பிடப்படுவார். உரிமமும் பிற மாநில அனுமதிகளும் ஜனவரிக்குள் கையில் இருந்தால், பிப்ரவரியில் ஏஜென்சிகளுக்கு எழுதலாம். ஸ்டாஃப் வேலைக்கு விண்ணப்பிக்கப் பருவம் பார்க்க வேண்டியதில்லை, இன்றே அனுப்பலாம்.